மடித்த சீட்டும் மறைத்த பணமும்

நம் பள்ளியில் மாணவர் தலைவியைத் தேர்ந்தெடுக்கும் நாளன்று, பெயரை எழுதி, சீட்டை நான்காக மடித்துப் பெட்டியில் இடுகிறோம். "நீ யாருக்குப் போட்டாய்?" என்று தோழி கேட்டால் சிரித்து மழுப்பி விடுகிறோம். அது நம் உரிமை. நம் உடுமலையில் கோயிலுக்கோ மாதா கோவிலுக்கோ போனால், மின்விசிறியிலும் குழல் விளக்கிலும் "உபயம்" என்று கொடுத்தவர் பெயரைக் காண்கிறோம். ஒன்று மறைவு, மற்றொன்று வெளிச்சம். அரசியல் கட்சிக்குக் கொடுக்கும் பணம் இவ்விரண்டில் எதைச் சேர வேண்டும்? 2024ஆம் ஆண்டில் நம் உச்ச நீதிமன்றம் இக்கேள்விக்கு விடை கூறிற்று. அதைச் சற்று விளங்கிக் கொள்வோம்.

முதலில் மறைவின் நியாயத்தைப் பார்ப்போம். நூற்பாலையில் கூலி வேலை செய்யும் ஒருவர், தமக்குப் பிடித்த கட்சிக்கு நூறு ரூபாய் கொடுக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். முதலாளிக்கோ அக்கட்சி ஆகாது. பெயர் வெளியானால் அவருடைய பிழைப்பு என்னாகும்? இது வீண் அச்சமன்று. அமெரிக்காவில் கறுப்பின மக்களின் உரிமைக்குப் பாடுபட்ட ஒரு சங்கத்திடம், உறுப்பினர்களின் பெயர்ப் பட்டியலைத் தருமாறு அலபாமா மாநில அரசு வற்புறுத்தியது. பெயர் தெரிந்தால் வேலை போகும், உயிருக்கும் ஆபத்து. பட்டியலைத் தர வேண்டியதில்லை என்று 1958இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் நாட்டிலும், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017இல் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துக் கூறினர்.

இனி வெளிச்சத்தின் நியாயம். 2018இல் மத்திய அரசு தேர்தல் பத்திரத் திட்டத்தைக் கொண்டு வந்தது. பாரத ஸ்டேட் வங்கியில் 1,000 ரூபாய் முதல் 1 கோடி ரூபாய் வரை மதிப்புள்ள பத்திரங்களை வாங்கி, விரும்பிய கட்சிக்குக் கொடுக்கலாம். கட்சி அதைப் பதினைந்து நாட்களுக்குள் பணமாக்கிக் கொள்ள வேண்டும். கொடுத்தவர் பெயர் பத்திரத்தில் இராது. கறுப்புப் பணத்தைத் தடுக்கவும், கொடுப்பவரைப் பழிவாங்கலிலிருந்து காக்கவுமே இந்த ஏற்பாடு என்றது அரசு. அத்துடன், கம்பெனிகள் தம் சராசரி லாபத்தில் 7.5 சதவிகிதத்துக்கு மேல் கட்சிகளுக்குக் கொடுக்கலாகாது என்றிருந்த வரம்பும் 2017இல் நீக்கப்பட்டது.

தருமத்தை மறைவாகச் செய்வது மேன்மை என்று நாம் கற்றிருக்கிறோம். ஆனால் கட்சிக்குக் கோடிகளைக் கொடுப்பது தருமம் ஆகுமா? ஆற்றில் சாயக் கழிவு கலப்பதைத் தடுக்க ஒரு சட்டம் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். அச்சட்டத்தால் நஷ்டப்படுவோர், அதை இயற்றுவோரின் கட்சிக்கு ரகசியமாகப் பெருந்தொகை கொடுத்தால், அந்த நீரைக் குடிக்கும் நமக்கு அது தெரிய வேண்டாமா? மேலும், வங்கி அரசுக்குச் சொந்தமானது. ஆகவே ஆளுங்கட்சி அறியக் கூடிய ரகசியம், வாக்காளருக்கு மட்டும் மூடிய ரகசியமாக இருந்தது.

15-2-2024 அன்று, தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, இத்திட்டம் செல்லாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. கட்சிகளின் வருவாயை அறிவது வாக்காளரின் தகவல் உரிமை என்றது. நீக்கிய லாப வரம்பையும் மீண்டும் நிலைநாட்டியது. ஆயினும் அந்தரங்கத்தை அது தள்ளிவிடவில்லை. ஒருவருடைய அரசியல் சார்பு அவருடைய அந்தரங்கமே. ஆனால் சலுகையை எதிர்பார்த்துக் கொடுக்கும் பணத்துக்கு அந்தக் காப்பு இல்லை என்று கோடு கிழித்தது. 20,000 ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடைகளைக் கட்சிகள் தேர்தல் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டமும், சிறு தொகைக்கு மறைவும் பெருந்தொகைக்கு வெளிச்சமும் தருகிறது.

மார்ச் 2024இல் பட்டியல் வெளியாயிற்று. மொத்தம் 16,000 கோடி ரூபாய்க்கு மேல் பத்திரங்கள் விற்றிருந்தன. அதிகமாக வாங்கியது எது தெரியுமா? நம் கோவையை முகவரியாகக் கொண்ட ஒரு லாட்டரி நிறுவனம். 1,368 கோடி ரூபாய்! அப்போது பத்திரம் வாங்குவது சட்டப்படி சரியானதே. ஆகவே பட்டியலில் பெயர் இருப்பதாலேயே எவரையும் குற்றவாளி எனல் தகாது. ஆனால் 2003 முதல் லாட்டரியைத் தடை செய்துள்ள மாநிலத்தில் வாழும் நாம், கோவைக்கு வெகு அருகில் இருந்தும், இதை அறியாதிருந்தோம். அறிந்தபின்தானே ஏன், எதற்கு என்று கேட்க முடியும்?

தோழியரே, எளியவரின் ரகசியம் அவருக்குக் கவசம். வலியவரின் ரகசியமோ பிறர் கண்ணுக்குத் திரை. கவசத்தைப் பறிக்கலாகாது, திரையை விலக்கத் தயங்கலாகாது. பதினெட்டு வயதில் நம் கையிலும் வாக்கு வரும். அன்று நம் தேர்வை நம் மனத்துக்குள் வைத்துக் கொள்வோம், நம்மிடம் வாக்குக் கேட்டு வருவோரிடமோ, "உங்கள் செலவுக்குப் பணம் கொடுத்தவர் யார்?" என்று அஞ்சாமல் கேட்போம்.