ஆலைச் சங்கு – 6: பெரம்பூரில் பிறந்த பதினெட்டாம் பிரிவு

மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். கை கழுவி உட்கார்ந்து, சோறு பாதி இறங்குவதற்குள் சங்கு ஊதிவிடும். பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்கள் 1918இல் சொன்ன குறைகளில் இதுவும் ஒன்று. அவர்கள் கேட்டது கூடுதலாகப் பத்தே நிமிடம்.

கேட்பதற்கு ஆள் வேண்டுமே! ஆலைப் பக்கம் வியாபாரம் செய்துவந்த செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் பி.பி.வாடியாவைத் தேடிப் போனார்கள். வாடியா பம்பாய்ப் பார்சி. அன்னி பெசன்ட்டின் ‘நியூ இந்தியா’வில் பணியாற்றிய பிரம்மஞான சபைக்காரர். ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா தலைவர், ‘தேசபக்தன்’ ஆசிரியர் திரு.வி.க. துணைத் தலைவர். வியாபாரி, பத்திரிகைக்காரர் பெயரெல்லாம் சட்டென்று நினைவுக்கு வருகிறது. தறியில் நின்றவர் பெயரைத்தான் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது.

1920 அக்டோபரில் ஆலையில் கதவடைப்பு. டிசம்பரில் போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் செத்தார்கள். அதையும் தாங்கி நின்ற சங்கத்தைப் பணிய வைத்தது ஒரு சிவில் வழக்கு. ‘தொழிலாளி எங்களோடு ஒப்பந்தம் போட்டவன்; அதை முறிக்கும்படி அவனைத் தூண்டியது இவர்கள்; எங்கள் நஷ்டத்துக்கு இவர்களே பொறுப்பு’ என்று வாடியா உள்ளிட்டோர் மீது பின்னி கம்பெனி வழக்குப் போட்டது. உயர் நீதிமன்றம் தடையாணை பிறப்பித்தது. கடைசியில் சமரசம். நஷ்டஈட்டைக் கம்பெனி வற்புறுத்தாது. வாடியா சங்கத்தை விட்டு விலகிக்கொள்ள வேண்டும். விலகினார்.

இங்கிலாந்தில் இந்த வேலை நடந்திருக்காது. டாஃப் வேல் ரயில்வே கம்பெனி 1901இல் இப்படித்தான் ஒரு சங்கத்தின் மீது நஷ்டஈட்டுத் தீர்ப்பு வாங்கியது. கொதித்துப்போன தொழிலாளர்கள் தேர்தலில் அதைப் பேசுபொருளாக்கினார்கள். 1906இல் பார்லிமென்ட் சட்டம் போட்டு அந்த வழியை அடைத்தது. சொந்த ஊரில் செல்லாமல்போன ஆயுதம் வெள்ளைக்காரக் கம்பெனிக்குச் சென்னையில் கூர் மழுங்காமல் கிடைத்தது.

1921 மார்ச்சில் மத்திய சட்டசபையில் என்.எம்.ஜோஷி, சங்கங்களைப் பதிவு செய்து பாதுகாக்கச் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். சர்க்கார் ஐந்து வருடம் யோசித்தது. 1926இல் நிறைவேறிய தொழிற்சங்கச் சட்டம் 1927 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்தது. அதன் 18ஆம் பிரிவைப் படிக்கிறபோதெல்லாம் எனக்குப் பெரம்பூர்தான் கண்ணில் தெரியும். தொழில் தகராறில், வேலை ஒப்பந்தத்தை முறிக்கத் தூண்டினார்கள் என்ற காரணத்தை மட்டும் வைத்துப் பதிவுபெற்ற சங்கத்தின் மீதோ அதன் நிர்வாகிகள் மீதோ சிவில் வழக்கு செல்லாது என்றது அந்தப் பிரிவு. வாடியா அப்போது அமெரிக்காவில் இருந்தார்.

ஏழு பேர் கையெழுத்திட்டால் சங்கத்தைப் பதிவு செய்ய மனுக் கொடுக்கலாம் என்றது சட்டம். பதிவான சங்கத்தோடு முதலாளி பேசியாக வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. என் கணக்கில் அந்தச் சட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான். தெரியாமல் விழுந்த ஓட்டை என்று நம்ப மனம் வரவில்லை. அங்கீகாரத்தைக் கட்டாயமாக்கி 1947இல் ஒரு திருத்தம் நிறைவேறியது. அமலுக்குக் கொண்டுவரும் அறிவிப்பு மட்டும் வரவே இல்லை. மகாராஷ்டிரம் போன்ற சில மாநிலங்கள் தனிச்சட்டம் செய்துகொண்டன.

2001இல் வாசல் இன்னும் குறுகியது. ஏழு பேர் கையெழுத்து போதாது. தொழிலாளரில் பத்து விழுக்காடு அல்லது நூறு பேர், இதில் எது குறைவோ அத்தனை பேராவது உறுப்பினராக இருக்க வேண்டும் என்றானது.

2024 செப்டம்பரில் தொடங்கி ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தது நினைவிருக்கும். சங்கத்தை ஏற்றுக்கொள் என்பதுதான் முதல் கோரிக்கை. சங்கத்தின் பெயரில் ‘சாம்சங்’ என்ற சொல் வரக் கூடாது என்று கம்பெனி ஆட்சேபித்தது. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரி 27 அன்று அதே பெயரில் சங்கம் பதிவானது.

(அடுத்த இதழில்: 51 விழுக்காடு)