மிளகளவு மெழுகுக்குள் இத்தனை அதிசயமா?

கனடா நாட்டுக் கொடியில் சிவப்பாக ஓர் இலை இருக்கிறதே, அது மேப்பிள் இலை. அந்த மேப்பிள் குடும்பத்து மரம் ஒன்றின் தண்டில் துளை போட்டால் சாறு வடியும். 40 லிட்டர் சாற்றைக் காய்ச்சினால் ஏறக்குறைய 1 லிட்டர் இனிப்புப் பாகு கிடைக்கும். அதே மரத்தை அறுத்துக் கடைந்தால் என்ன கிடைக்கும் தெரியுமா? பூல் ஆட்டக்காரரின் விரல்களுக்கு நடுவே முன்னும் பின்னும் வழுக்கிக்கொண்டு ஓடுகிறதே, கியூவின் முன்பாதி, அந்த ஷாஃப்ட்! அமெரிக்காவில் பெரிய கூடைப்பந்து அரங்கங்களின் தரைப் பலகையும் பெரும்பாலும் இந்த மரம்தான். பௌலிங் ஆட்டத்தில் அடிபட்டுச் சிதறும் கட்டைகளுக்கும் இதுதான். ஆயிரம் அடி வாங்கினாலும் சட்டென்று சிராய் கிளம்பாது. அப்படியொரு நெருக்கமான கட்டு.

நல்ல ஷாஃப்ட் ஒரே மூச்சில் கடையப்படுவதில்லை. சுற்றிலும் கொஞ்சம் சீவுவார்கள்; பிறகு அதைத் தொங்கவிட்டுக் காத்திருப்பார்கள். மரம் தன் இழுப்பையெல்லாம் காட்டி முடித்த பிறகு மறுபடி கொஞ்சம். வளைந்துபோனது கழித்துக் கட்டப்படும். இப்படி மாதக்கணக்கில், சில பட்டறைகளில் வருடக்கணக்கில், பொறுமை காத்துத்தான் நுனியில் 13 மில்லிமீட்டர் அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். அத்தனை பாடுபட்டுச் செய்த பொருளை வாங்கிய சில மாதங்களிலேயே உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பவர்கள் இருக்கிறார்களே, அதை நினைத்தால்தான் மனம் பதறுகிறது! ஏன் தேய்க்கிறார்கள்? நீலக் கறை. பிசுபிசுப்பு.

அந்த நீலத்துக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. கியூவின் நுனித் தோலில் தடவுகிறார்களே சாக், அதில் சுண்ணாம்பே கிடையாது, தெரியுமா? வில்லியம் ஸ்பிங்க்ஸ் என்ற அமெரிக்க பில்லியர்ட்ஸ் வீரரும், வில்லியம் ஹாஸ்கின்ஸ் என்ற வேதியியலாளரும் சேர்ந்து 1897-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார்கள். உள்ளே இருப்பது சிலிக்காவும் அலுமினியம் ஆக்சைடும். இந்த அலுமினியம் ஆக்சைடு படிகமாக உறைந்து, துளியளவு வேறு உலோகமும் கலந்துவிட்டால் அதற்குப் பெயர் மாணிக்கம், நீலக்கல்! வைரத்துக்கு 10 என்றால் இதன் கடினம் 9. யோசித்துப் பாருங்கள். மாணிக்கத்தின் சொந்தக்காரத் தூள் விரலில் ஒட்டுகிறது, வியர்வையில் குழைகிறது, ஒவ்வொரு அடிக்கும் ஷாஃப்ட்டின் மேல் தேய்கிறது, மரத்தின் நுண்துளைகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. விரல் படும் இடத்தில் பளபளப்புப் பூச்சைத் தடிமனாக அடிப்பதும் இல்லை. அடித்தால் ஈரக் கை ஒட்டும். ஆக, மரம் அங்கே கிட்டத்தட்ட வெற்றுடம்போடுதான் நிற்கிறது.

உப்புத்தாள் கறையை எடுக்கும், உண்மைதான். கூடவே மரத்தையும் எடுக்கும். ஒவ்வொரு முறையும் ஒரு துளி மெலியும். மெலிந்த ஷாஃப்ட் மறுபடி பருக்காது. இந்த இடத்தில்தான் மெழுகு வந்து காப்பாற்றுகிறது. துளைகளை அது முதலிலேயே அடைத்துக்கொண்டால் நீலத்துக்கு உள்ளே இடமே இல்லை. மேலோடு நின்றுவிடும், துணியால் துடைத்தால் வந்துவிடும். மெழுகு பளபளப்புக்கு என்று நினைப்பவர்கள் அதிகம். பளபளப்பு சும்மா வருகிற இலவசம். மெழுகின் நிஜ வேலை, உப்புத்தாளைப் பெட்டியிலேயே படுக்க வைப்பது.

சரி, எந்த மெழுகு? பெயர் பெற்ற பல மெழுகுப் பசைகளில் கார்னாபா என்ற சொல்லைப் பார்ப்பீர்கள். பிரேசிலின் வடகிழக்கில், சியரா, பியாவி மாநிலங்களின் காய்ந்த பூமியில் நிற்கும் ஒரு பனை இனம் அது. மழை பொய்க்கும் மண். இருக்கிற ஈரத்தை வெயில் உறிஞ்சிவிடக் கூடாதே என்று அந்த மரம் தன் ஓலையின் மேல் தானே மெழுகு பூசிக்கொள்கிறது! ஓலையை வெட்டி, வெயிலில் காயவைத்து, அடித்து உதறினால் மெழுகு தூளாக உதிரும், உருக்கிக் கட்டியாக்குவார்கள். இயற்கை மெழுகுகளிலேயே மிகக் கடினமானது இதுதான். உருகுவதற்கு 82 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். கார்களின் மினுமினுப்பும் இது, மிட்டாயின் பளபளப்பும் இது, மாத்திரையின் வழவழப்பும் இது. தன் ஓலை வறளாமல் இருக்க ஒரு பனை செய்துகொண்ட ஏற்பாடு, எங்கோ வடக்கே வளர்ந்த மேப்பிள் கட்டையை வியர்வையிலிருந்து காக்கிறது!

இந்த மெழுகைத் தேடி ஒருவர் விமானமே ஏறிப் போனார் என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவின் விஸ்கான்சினில் ரசீன் என்ற ஊர். அங்கே 1886-ல் சாமுவேல் ஜான்சன் என்பவர் மரத்தரை அமைக்கும் தொழில் தொடங்கினார். தரையை எப்படிப் பராமரிப்பது என்று வாடிக்கையாளர்கள் கேட்டுக்கொண்டே இருந்ததால் மெழுகும் தயாரித்தார். சில ஆண்டுகளில் மெழுகு வியாபாரம் தரை வியாபாரத்தை மிஞ்சிவிட்டது. அந்த மெழுகுக்கு உயிரே கார்னாபாதான். அதனால் 1935-ல் அவர் பேரன் எச். எஃப். ஜான்சன், நீரிலும் நிலத்திலும் இறங்கக்கூடிய சிகோர்ஸ்கி எஸ்-38 விமானத்தில் பிரேசிலின் சியராவுக்குப் பறந்தார். பனை போதுமான அளவு இருக்கிறதா, தொடர்ந்து கிடைக்குமா என்று நேரில் பார்த்துவிட வேண்டுமாம். போக வர 15,000 மைல்! 1998-ல் அவர் மகன், அதே விமானத்தின் நகலைச் செய்து, தன் மகன்களோடு அதே வழியில் மறுபடி பறந்தார். வீட்டுத் தரைக்கென்று வந்த அந்த மாதிரி டப்பா மெழுகுகளைத்தான் பிறகு கியூ வைத்திருப்பவர்களும் எடுத்துக்கொண்டார்கள்.

தேன்மெழுகு மட்டும் போதாதா என்று கேட்கலாம். தேனீயின் அடிவயிற்றில் நான்கு ஜோடிச் சுரப்பிகளிலிருந்து செதில் செதிலாக வரும் அற்புதம் அது. ஆனால் 62 டிகிரியைத் தாண்டினாலே உருகிவிடும். நம் உடம்புச் சூட்டுக்கே இளகத் தொடங்கும். சூடான விரல்கள் தேய்ந்துகொண்டே இருக்கும் இடத்தில் அது தனியாக நின்றால் பிசுபிசுக்கும். கார்னாபாவோடு கலந்தால் பூசுவதற்கு இதமாக இருக்கும். 1950-களில் லண்டனின் பிரிட்டிஷ் மியூசியத்தில் பழம்பொருட்களைப் பாதுகாக்க உருவாக்கிய ரினைசன்ஸ் மெழுகு பெட்ரோலிய வகை. அதையும் கியூவுக்குப் பூசுகிறவர்கள் உண்டு. சிலிக்கோன் கலந்த கார் பாலிஷை மட்டும் தொடாதீர்கள். பின்னால் அந்த மரத்தில் புதுப் பூச்சு ஏற்ற நினைத்தால் குழி குழியாக விலகி நிற்கும்.

பூசும் முறையில்தான் எல்லாமே இருக்கிறது. துணியை நனைத்து, இனிப் பிழிய ஒன்றுமில்லை என்னும் வரை பிழிந்து, ஷாஃப்ட்டைத் துடையுங்கள். உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். மரத்தில் தண்ணீர் தங்கினால் நார் எழுந்துகொள்ளும். நன்றாகக் காய்ந்த பிறகு மிளகளவு மெழுகு. அவ்வளவுதான், அதற்கு மேல் வேண்டாம்! தடவிவிட்டுச் சில நிமிடம் பொறுத்தால் மங்கலாகப் படரும். அப்போது மடித்த தோல் துண்டையோ தடித்த தாளையோ ஷாஃப்ட்டைச் சுற்றிப் பிடித்து, உள்ளங்கை சுடும் வரை வேகமாக மேலும் கீழும் இழுக்க வேண்டும். அந்தச் சூட்டில் மெழுகு இளகித் துளைக்குள் இறங்கும். மிச்சம் அந்தத் தோலோடோ தாளோடோ வந்துவிடும். கையில் ஒன்றுமே ஒட்டவில்லை, ஆனால் விரல் நிற்காமல் ஓடுகிறது என்றால் வேலை முடிந்தது. அமெரிக்காவில் இதற்கு டாலர் நோட்டையே மடித்துத் தேய்ப்பவர்கள் இருக்கிறார்கள்! அந்த நோட்டு 75 சதவீதம் பருத்தி, 25 சதவீதம் லினன்; எளிதில் கிழியாது.

நுனித் தோலில் மட்டும் மெழுகு படவே கூடாது. நுனி பந்தைத் தொடும் நேரம் எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு! அந்த இமைப்பொழுதில் சாக் பந்தைக் கவ்வியாக வேண்டும். அங்கே மெழுகு இருந்தால் சாக் ஒட்டாது, அடி வழுக்கும்.

ஸ்னூக்கர் கியூ வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அவை பெரும்பாலும் ஆஷ் மரம், துளைகள் பெரியவை. அதற்கு ஆளிவிதை எண்ணெய் பூசுவது பழைய பழக்கம். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டுவிட்டுப் போனால், காற்றோடு வினைபுரிந்து சூடேறித் தானாகவே தீப்பற்றிக்கொள்ளக்கூடும்! விரித்துக் காயப்போட்டுவிட்டுத்தான் தூக்கியெறிய வேண்டும்.

அந்த ஸ்னூக்கர் ஆட்டமே 1875-ல் ஜபல்பூரில், நெவில் சேம்பர்லைன் என்ற ராணுவ அதிகாரியிடம் பிறந்து, 1882-ல் நம் ஊட்டி கிளப்பில் விதிகளாக எழுதப்பட்டது என்பது பலருக்கும் தெரிந்ததுதான். ஊட்டியின் ஈரத்தில் அந்தக் காலத்துக் கியூக்கள் என்ன பாடுபட்டிருக்கும்! ஏனென்றால் மரம் ஈரம் குடித்தால் நீளத்தில் அநேகமாக வளராது, குறுக்கில்தான் பருக்கும். அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் அல்ல. ஆண்டு வளையத்தின் போக்கில் பருப்பது, மேப்பிளில், அதற்குக் குறுக்கே பருப்பதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. அதாவது, வட்டமாகக் கடைந்த ஷாஃப்ட் மழைக்காலத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நீள்வட்டமாகிறது!

மெழுகு இதைத் தடுக்குமா? தாமதப்படுத்தும், கொஞ்சமே கொஞ்சம். மேலாகப் பூசிய மெல்லிய மெழுகைத் தாண்டி நீராவி போய்வந்துகொண்டுதான் இருக்கும். மெழுகு போட்டாயிற்றே என்ற தைரியத்தில் கியூவை வெயிலில் நிற்கும் கார் டிக்கியில் விட்டுப் போனால் எந்த மெழுகும் வந்து காப்பாற்றாது. வளைந்த ஷாஃப்ட்டை மெழுகு நிமிர்த்தவும் செய்யாது.

இன்று ஆட்டம் முடிந்ததும் உங்கள் ஷாஃப்ட்டை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். விரல் ஓடும் இடம் நீலமாக இருந்தால் ஈரத்துணியும் மிளகளவு மெழுகும் போதும். உப்புத்தாளைத் தயவுசெய்து தச்சரிடமே விட்டுவிடுங்கள்.