ரயில் வருகிறது, நிலையம் வரை நாம் எப்படிப் போவது?

சூலியா தெருவும் பினாங்கு சாலையும் சந்திக்கும் இடத்தில் தரையைக் கவனித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பழைய டிராம் தண்டவாளத்தின் ஒரு துண்டு அங்கே இன்னும் இருக்கிறது. 1880களில் ஜோர்ஜ்டவுனில் நீராவி டிராம் ஓடியது. 1906இல் மின்சார டிராம் வந்தது. ஆயர் ஈத்தாம் வரை மக்களை ஏற்றிச் சென்றது. 1925இல் டிராலி பஸ் வந்ததும் டிராமுக்கு மவுசு குறைந்தது. 1936இல் டிராம் நின்றுபோனது. 1961இல் டிராலி பஸ்ஸும் நின்றது. நம் தாத்தா பாட்டி காலத்திலேயே மின்சார வண்டி ஓடிய நகரம், நம் காலத்தில் கார் நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கிறது.

இப்போது பினாங்கில் மீண்டும் தண்டவாளம் போடுகிறார்கள். 2025 ஜனவரி 11ஆம் நாள் பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம், முத்தியாரா வழித்தட இலகு ரயில் திட்டத்தைத் தொடக்கி வைத்தார். நீளம் ஏறத்தாழ 29 கிலோமீட்டர். நிலையங்கள் சுமார் 20. தெற்கே கடலை மேடாக்கி உருவாக்கும் சிலிக்கான் தீவில் தொடங்கி, விமான நிலையம், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை வழியாகக் கொம்தார் வரை ஒரு பகுதி. கடலைக் கடந்து பட்டர்வொர்த்தின் பினாங்கு சென்ட்ரல் வரை மற்றொரு பகுதி. முதல் பகுதியின் கட்டுமான ஒப்பந்தம் மட்டுமே 831 கோடி வெள்ளி. 2031இல் ரயில் ஓடும் என்கிறது அரசாங்கம்.

‘பொதுப் போக்குவரத்தின் நன்மைகள்’ என்று இடைநிலைப்பள்ளியில் நாம் எத்தனை கட்டுரை எழுதியிருப்போம்! நெரிசல் குறையும், காற்று தூய்மையாகும், செலவு மிச்சமாகும் என்று மூன்று கருத்து எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் நம் ஊரில் பத்தாண்டுகளாக நடந்த ரயில் விவாதத்தில் ‘பொதுப் போக்குவரத்து வேண்டாம்’ என்று வாதாடியவர்கள் யாரும் இல்லை. எந்த வண்டி, யாருடைய பணம், யாருடைய ஊர் வரை என்பதே கேள்வியாக இருந்தது.

இரு தரப்பின் வாதம்

மாநில அரசுக்காக ஹால்குரோ என்ற ஆலோசனை நிறுவனம் தயாரித்த போக்குவரத்துப் பெருந்திட்டம் 2013இல் ஏற்கப்பட்டது. டிராம், மேம்பட்ட பேருந்துச் சேவை, சாலைகள் எல்லாம் அதில் இருந்தன. மதிப்பீடு சுமார் 2,700 கோடி வெள்ளி. 2015இல் எஸ்.ஆர்.எஸ். கூட்டு நிறுவனம் திட்ட அமலாக்கப் பங்காளியாக நியமிக்கப்பட்டது. அது முன்வைத்த திட்டம் 4,600 கோடி வெள்ளிக்கு உயர்ந்தது. இலகு ரயில், மோனோ ரயில், நெடுஞ்சாலை எல்லாம் அதில் இடம்பெற்றன. தீவின் தெற்கே மூன்று செயற்கைத் தீவுகளை உருவாக்கி, அந்த நிலத்தின் வருமானத்தில் செலவை ஈடுகட்டுவது என்பது யோசனை.

பினாங்கு ஃபோரம் என்ற பொது அமைப்புகளின் கூட்டணி இதை எதிர்த்தது. தூண்கள்மீது ஓடும் ரயிலுக்கு ஆகும் செலவில் பல மடங்கு தூரத்துக்கு டிராம் பாதை போடலாம், பேருந்தை உடனே மேம்படுத்தலாம் என்று 2016இல் மாற்றுத் திட்டமும் கொடுத்தது. தெலுக் கும்பார், பெர்மாத்தாங் டாமார் லாவுட் பக்கத்து மீனவர்கள் தங்கள் கடலுக்காகப் போராடினார்கள். 2021 செப்டம்பரில் மேல்முறையீட்டு வாரியம் மீனவர்கள் பக்கம் தீர்ப்பளித்து, சுற்றுச்சூழல் அறிக்கைக்கான ஒப்புதலை ரத்து செய்தது. 2023இல் புதிய அறிக்கைக்கு ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு மூன்று தீவுகள் ஒன்றாகக் குறைக்கப்பட்டன. ஆக, சாதாரண மக்கள் எழுப்பிய குரல் வீணாகவில்லை.

அரசுத் தரப்பின் வாதத்திலும் நியாயம் இருக்கிறது. சாலையில் ஓடும் டிராம், அதே சாலையின் நெரிசலில் மாட்டிக்கொள்ளக்கூடும். நம் சாலைகள் குறுகியவை. டிராமுக்குத் தனித்தடம் ஒதுக்கினால் கார்களுக்கு இடமில்லை. மேலே ஓடும் ரயில் கொம்தாரிலிருந்து விமான நிலையத்துக்கு அரை மணி நேரத்தில் போய்விடும் என்பது அரசின் கணக்கு.

பெருநிலத்துக்கு எவ்வளவு பங்கு?

இந்த விவாதத்தில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது பெருநிலப் பகுதி. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பினாங்குத் தீவில் வாழ்பவர்கள் 7 லட்சத்து 94 ஆயிரம் பேர். செபராங் பிறையில் வாழ்பவர்கள் 9 லட்சத்து 46 ஆயிரம் பேர். பாதிக்கும் மேற்பட்ட மக்கள் அந்தப் பக்கம் இருக்க, முதலில் திட்டமிட்ட இலகு ரயில் கொம்தாரிலேயே நின்றுவிட்டது. 2024 மார்ச்சில் மத்திய அரசாங்கம் திட்டத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்ட பிறகுதான் பட்டர்வொர்த் வரை கடலைக் கடக்கும் பாதை உறுதியானது.

நல்ல முடிவுதான். ஆனால் பட்டர்வொர்த்துக்கு அப்பாலும் ஊர்கள் இருக்கின்றனவே! புக்கிட் மெர்தாஜாம், சிம்பாங் அம்பாட், நிபோங் திபால், கெடா எல்லை தாண்டி சுங்கை பட்டாணி என்று நம்மவர்கள் அதிகம் வாழும் ஊர்கள் அவை. தோட்டங்களை விட்டு வெளியேறிய குடும்பங்கள் மலிவான வீடு தேடிக் குடியேறிய இடங்கள். அங்கிருந்துதான் பலர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்குப் போய்வருகிறார்கள்.

அந்தப் பக்கத்தில் தண்டவாளம் ஏற்கெனவே இருக்கிறது. இரட்டை மின்சாரப் பாதை போட்ட பிறகு 2015 முதல் பட்டர்வொர்த்திலிருந்து கம்யூட்டர் ரயில் ஓடுகிறது. வண்டிகளின் இடைவெளிதான் பிரச்சினை. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ காத்திருக்க வேண்டும். என் வகுப்புத் தோழி நிபோங் திபாலிலிருந்து வருகிறாள். காலை 8 மணி வகுப்புக்கு விடியற்காலை 5.30க்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறாள். ரயில், பிறகு பெர்ரி, பிறகு பேருந்து. “பாடம் புரியாமல் தூங்குவதில்லைடி, பயணத்திலேயே தூக்கம் வந்துவிடுகிறது” என்பாள். சென்ற பருவத்தில் அவளுடைய அப்பா கடன் வாங்கி மோட்டார் சைக்கிள் வாங்கித் தந்தார். இப்போது பாலத்தில் லாரிகளுக்கு நடுவே வருகிறாள். 2031இல் பட்டர்வொர்த்துக்கு இலகு ரயில் வந்தாலும், நிபோங் திபால் வண்டி அப்போதும் இதே இடைவெளியில் ஓடினால், அவளைப் போன்றவர்கள் மோட்டார் சைக்கிளை விடமாட்டார்கள்.

சூலியா தெருவில் கேட்டது

பழைய நகரத்துக்கும் இதே சிக்கல் உண்டு. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களின் பெயரால் அமைந்தது சூலியா தெரு. இது யுனெஸ்கோ 2008இல் அறிவித்த பாரம்பரிய எல்லைக்குள் இருப்பதால், இங்கே தூண் நட்டு ரயில் விட முடியாது, விடவும் கூடாது. அருகிலுள்ள நிலையம் கொம்தார்தான். நமக்குப் பத்துப் பதினைந்து நிமிட நடை.

மணி சேஞ்சர் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் ரயிலைப் பற்றிக் கேட்டேன். “வரட்டும்மா, நல்லதுதான். ஆனா கொம்தார் வரைக்கும் நான் எப்படி நடக்குறது? அஞ்சடியில பாதி இடத்துல மோட்டார் நிக்குது, மீதி இடத்துல சாமான் கிடக்குது. ரோட்டுல இறங்கித்தான் நடக்கணும்” என்றார். “திட்டத்தைப் பத்தி உங்ககிட்ட யாராவது பேசுனாங்களா ஐயா?” என்றேன். “பேப்பர்ல படிச்சதுதான். அவங்க போடுற கூட்டத்துல இங்கிலீஷும் மலாயும்தான். கேட்டுட்டு வந்து சொல்ல வீட்ல படிச்ச பிள்ளைங்க இருக்காங்க, அவங்களுக்கு நேரமில்ல” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தமிழ்ப்பள்ளியில் படித்து, பிறகு மலாயிலும் ஆங்கிலத்திலும் படித்த நாம்தானே அந்தப் பிள்ளைகள்?

தலைநகரம் தந்த பாடம்

இணைப்பை மறந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கோலாலம்பூர் சாட்சி. ஸ்டார் ரயில் 1996இல் வந்தது. புத்ரா ரயில் 1998இல் வந்தது. இரண்டும் மஸ்ஜித் ஜாமெக்கில் சந்தித்தன. ஆனால் இருவேறு நிறுவனங்கள் என்பதால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற வேண்டியவர் வெளியே வந்து வேறு டிக்கெட் வாங்க வேண்டும். கடன் சுமையால் இரண்டையும் 2002இல் அரசாங்கமே எடுத்துக்கொண்டது. அதன் பிறகும், ஒரே டிக்கெட்டில் மாறிச் செல்லும் வசதி 2011இல்தான் வந்தது.

சென்னையிலும் இதே கதைதான். பறக்கும் ரயில் 2007இல் வேளச்சேரியை அடைந்தது. அங்கிருந்து பரங்கிமலை வெறும் 5 கிலோமீட்டர். சுமார் 500 மீட்டர் நிலத்துக்கான வழக்கால் அந்த இணைப்பு பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. விடுபட்ட சிறு துண்டுதான் பயணியை வீட்டுக் காரை நோக்கித் திருப்பி அனுப்புகிறது.

நாம் கேட்க வேண்டியவை

ரயில் வேண்டுமா வேண்டாமா என்ற கட்டம் முடிந்துவிட்டது, வேலை தொடங்கிவிட்டது. இனி கேட்க வேண்டியவை என்று எனக்குத் தோன்றுபவை மூன்று.

ஒன்று, பெருநிலத்துக் கம்யூட்டர் ரயிலின் எண்ணிக்கையை இலகு ரயில் வருவதற்கு முன்பே கூட்ட வேண்டும். பாதை இருக்கிறது, வண்டிகளும் நேர அட்டவணையும்தான் தேவை. இலகு ரயிலுக்கு ஆகும் செலவோடு பார்த்தால் இது சிறு தொகை.

இரண்டு, ஒவ்வொரு நிலையத்துக்கும் இணைப்புப் பேருந்தும் நிழலான நடைபாதையும் திட்டத்தின் பகுதியாகவே இருக்க வேண்டும். நடைபாதையைச் சீர்செய்யும் பொறுப்பு மாநகர் மன்றத்துடையது, ரயில் மத்திய அரசாங்கத்துடையது என்று ஆளுக்கொரு பக்கம் கைகாட்டக் கூடாது.

மூன்று, ரயில், பெர்ரி, பேருந்து, கம்யூட்டர் எல்லாவற்றுக்கும் ஒரே மாதாந்திரப் பாஸ் வேண்டும். மாணவர்களுக்குச் சலுகைக் கட்டணத்தில்.

இதை யாரிடம் கேட்பது? 2010ஆம் ஆண்டின் தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டப்படி, ரயில் திட்ட வரைபடங்களை மூன்று மாதம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். 2019இல் பினாங்கிலும் வைத்தார்கள். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், கருத்து எழுதலாம். இனி நீட்டிப்புத் திட்டம் எது வந்தாலும் அந்த வாய்ப்பு மீண்டும் வரும். அதுவரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் போதும். வாக்களிக்கும் வயது 18 ஆன பிறகு நம் கடிதத்துக்கும் எடை கூடியிருக்கிறது.

இன்று முதலாம் படிவத்தில் படிக்கும் தம்பி, தங்கைகள்தாம் 2031இல் கல்லூரிக்கோ வேலைக்கோ அந்த ரயிலில் ஏறப் போகிறவர்கள். முதல் வேலையாக ஒன்று செய்து பாருங்கள்: உங்கள் வீட்டிலிருந்து அருகிலுள்ள நிலையத்துக்கு எத்தனை நிமிடம், எந்தப் பேருந்து, எங்கே நடைபாதை இல்லை என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் அதைத் தமிழில் சொல்லுங்கள். பிறகு மலாயில் எழுதி, உரியவர்களுக்கு அனுப்புங்கள்.