வழக்குச் செலவுக்கு அஞ்சி உரிமையைக் கைவிடலாமா?

புத்தூர் என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது ‘புத்தூர் கட்டு’. கை கால் எலும்பு முறிந்தவர்கள் தொலைவான ஊர்களிலிருந்தும் இங்கே வந்து கட்டுப் போட்டுக்கொண்டு செல்கின்றனர். ஆனால், புத்தூரிலேயே வாழும் எளிய குடும்பமொன்றின் நிலமோ சேமிப்போ வழக்கில் சிக்கிக்கொண்டால் யாரை நாடுவது என்பதை அக்குடும்பமே அறிந்திருப்பதில்லை.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். விசைத்தறித் தொழிலாளி ஒருவர் காலமாகிறார். வங்கியில் அவர் பெயரில் வைப்புத்தொகை இருக்கிறது. நியமனதாரர் எவரும் குறிப்பிடப்படவில்லை. மனைவி உரிமை கோரி வருகிறார். கணவருடைய உறவினர்களும் எதிர்க்கோரிக்கை எழுப்புகின்றனர். இத்தகைய நிலையில், 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்படி நீதிமன்றம் வழங்கும் வாரிசுரிமைச் சான்றிதழை வங்கி கேட்க வேண்டியதாகிறது. வட்டாட்சியர் அலுவலகச் சான்றிதழ் மட்டும் அப்போது போதாது. வழக்கறிஞர் கட்டணம், நீதிமன்றக் கட்டணம், அறிவிப்புச் செலவு எனக் கணக்குப் பார்த்ததும் அந்த அம்மையார் மனம் தளர்ந்து வீடு திரும்பிவிடுகிறார்.

பத்தாண்டுகள் எவரும் கோராமல் கிடக்கும் வைப்புத்தொகை, இந்திய ரிசர்வ் வங்கி 2014இல் ஏற்படுத்திய வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்கு மாற்றப்படுகிறது. அதன் பிறகும் உரியவர் அதைக் கோரிப் பெறலாம் என்பது உண்மையே. ஆயினும் பணம் தேவைப்பட்ட காலத்தில் அது அக்குடும்பத்துக்கு உதவவில்லை. இந்த இழப்பைத் தவிர்க்கும் வழி சட்டத்திலேயே இருக்கிறது.

தருமம் அன்று, உரிமை

பொருள் வசதியின்மை காரணமாக எந்தக் குடிமகனுக்கும் நீதி மறுக்கப்படலாகாது என்பதற்காக, 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தத்தின் வாயிலாக அரசியலமைப்பில் 39அ பிரிவு சேர்க்கப்பட்டது. அதனைச் செயற்படுத்த 1987ஆம் ஆண்டில் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் இயற்றப்பெற்று, 1995 நவம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. ஒவ்வோராண்டும் அந்நாள் தேசிய சட்டப்பணிகள் நாளாகக் கொண்டாடப்படுகிறது. குற்ற வழக்குகளுக்கு மட்டுமே இவ்வுதவி உண்டு எனப் பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. நிலம், வாடகை, பாகப்பிரிவினை, சீவனாம்சம், வாரிசுரிமை போன்ற உரிமையியல் வழக்குகளுக்கும் இச்சட்டம் துணை நிற்கிறது.

யாருக்கெல்லாம் உண்டு?

‘இலவசம்’ என்றால் வருமானச் சான்றிதழ் இருந்தாக வேண்டும் என்று நாம் எண்ணுவது வழக்கம். சட்டத்தின் 12ஆவது பிரிவைப் படித்தால், வருமானம் என்பது பல வாயில்களுள் ஒன்றே எனத் தெரியவரும். கீழ்க்காண்போர் வருமான வரம்பின்றியே தகுதி பெறுகின்றனர்:

• பெண்கள், குழந்தைகள்
• பட்டியல் சாதியினர், பழங்குடியினர்
• மாற்றுத்திறனாளிகள்
• தொழிற்சாலைத் தொழிலாளர்கள்
• வெள்ளம், வறட்சி, நிலநடுக்கம், தொழிற்சாலை விபத்து போன்ற பேரிடர்களாலும், சாதி வன்கொடுமையாலும் பாதிக்கப்பட்டோர்
• ஆட்கடத்தலுக்கோ கொத்தடிமை முறைக்கோ ஆளானோர்
• காவலில் வைக்கப்பட்டிருப்போர்

இவற்றுள் எதிலும் அடங்காதவர்க்கே வருமான வரம்பு பொருந்தும். ஆந்திரப் பிரதேசத்தில் அவ்வரம்பு ஆண்டுக்கு 3,00,000 ரூபாய். உச்ச நீதிமன்ற வழக்குகளுக்கு அது 5,00,000 ரூபாய். ஆகவே, நாம் மேலே கண்ட அம்மையார் தம் வருமானத்தை மெய்ப்பிக்க வேண்டியதே இல்லை. அவர் பெண் என்பதே போதிய தகுதி.

தகுதியோடு மற்றொன்றும் பார்க்கப்படும். வழக்கை நடத்துவதற்கு முகாந்திரம் இருக்கிறதா என்பதை ஆணைக்குழு ஆராயும். ஆதாரமற்ற வழக்குகளுக்கு உதவி கிடைக்காது.

எவையெல்லாம் கிடைக்கும்?

வழக்கறிஞர் நியமனம் மட்டுமன்று. நீதிமன்றக் கட்டணம், அழைப்பாணைக் கட்டணம், சாட்சிகளுக்கான செலவு, தீர்ப்பு நகல்கள் பெறுதல், மேல்முறையீட்டு ஆவணங்களைத் தயாரித்தல் ஆகியவையும் இவ்வுதவியில் அடங்கும். ஆவணங்களை மொழிபெயர்ப்பதும் அடங்கும் என்பதை எல்லைப்புறத் தமிழர்கள் தனியே குறித்துக்கொள்ள வேண்டும். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி பகுதி சென்னை மாநிலத்துடன் சேர்ந்தது. புத்தூர் ஆந்திரத்திலேயே நின்றது. எல்லைக்கோட்டின் இருபுறமும் உறவும் நிலமும் உள்ள குடும்பங்கள் இன்றும் உள்ளன. அவர்கள் கையில் தமிழில் எழுதிய உயிலோ பாகப்பத்திரமோ இருந்தால், அதன் மொழிபெயர்ப்புக்கும் சேர்த்தே விண்ணப்பிக்கலாம்.

எங்கே விண்ணப்பிப்பது?

நீதிமன்றங்களை ஒட்டியே சட்டப்பணிக் குழுக்கள் இயங்குகின்றன. அடிமட்டத்தில் மண்டலக் குழு, அதற்கு மேல் மாவட்ட ஆணைக்குழு, அதற்கும் மேல் மாநில ஆணைக்குழு என்ற வரிசையில் அவை அமைந்துள்ளன. மாவட்ட ஆணைக்குழுவின் தலைவர் மாவட்ட நீதிபதியே ஆவார். புத்தூர் மக்கள் முதலில் தங்கள் ஊர் நீதிமன்ற வளாகத்தில் விசாரிக்கலாம். பெயர்ப்பலகை தெலுங்கில் இருக்கும். ‘நியாய சேவாதிகார சம்ஸ்த’ எங்கே எனக் கேட்டால் வழி காட்டுவர். 2022 ஏப்ரல் 4 முதல் புத்தூர் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்துள்ளது. வருவாய்த்துறை எல்லையும் நீதித்துறை எல்லையும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. சித்தூருக்குச் செல்வதா, திருப்பதிக்குச் செல்வதா என்ற குழப்பத்தில் நாள் கடத்தாமல், உள்ளூரிலேயே தொடங்குவது நலம். வெளியூர் செல்ல இயலாதோர் 15100 என்ற கட்டணமில்லாத் தேசிய உதவி எண்ணில் விவரம் பெறலாம்.

விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. பெயர், முகவரி, தகுதிக்கான காரணம், வழக்கின் சுருக்கம், தேவைப்படும் உதவி ஆகியவற்றைத் தெளிவாக எழுதினால் போதும். எழுதத் தெரியாதவர் வாய்மொழியாகக் கூறலாம். அலுவலர் அதனை எழுதிக்கொள்வார். அடையாளச் சான்று, தகுதிக்குரிய சான்று, வழக்கு தொடர்பான ஆவணங்களின் நகல்கள் ஆகியவற்றை இணைக்க வேண்டும். மூல ஆவணங்களைக் கைவிட்டுத் தர வேண்டாம். வருமான அடிப்படையில் விண்ணப்பிப்போர் தரும் பிரமாணப் பத்திரமே, அதை நம்பாதிருக்கக் காரணம் இல்லையெனில், போதுமானது எனச் சட்டம் கூறுகிறது.

விண்ணப்பம் கிடைத்த 7 நாட்களுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்பது விதி. மறுக்கப்பட்டால் அக்குழுவின் தலைவரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

சமரசத்துக்கும் இடமுண்டு

எல்லாப் பூசல்களும் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றத்தில் நடக்க வேண்டும் என்பதில்லை. இரு தரப்பும் இசைந்தால் மக்கள் நீதிமன்றத்தில் தீர்த்துக்கொள்ளலாம். ஏற்கெனவே வழக்குத் தொடுத்திருந்தால், செலுத்திய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். ஆனால் மக்கள் நீதிமன்றத் தீர்வு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு ஒப்பானது. அதன்மீது மேல்முறையீடு கிடையாது. எனவே ஒவ்வொரு வரியையும் படிக்கச் சொல்லிக் கேட்டு, விளங்கிய பின்னரே கையொப்பமிட வேண்டும். எதிர்த்தரப்பில் இருப்பது வங்கியேயானாலும் இந்த அறிவுரை பொருந்தும். கடன் நிலுவை குறித்து அழைப்பு வந்தாலும், சட்ட உதவி வழக்கறிஞரைக் கலந்து பேசும் உரிமை தகுதியுடைய வாடிக்கையாளருக்கு உண்டு.

நினைவில் கொள்ள வேண்டியவை

முதலாவதாக, காலவரம்பு. பணக் கோரிக்கை வழக்குகளுக்குப் பொதுவாக 3 ஆண்டுகளும், அசையாச் சொத்தின் உடைமையை மீட்கும் வழக்குகளுக்கு 12 ஆண்டுகளும் கெடு உண்டு. சட்ட உதவிக்கு விண்ணப்பித்துவிட்டதாலேயே அந்தக் கெடு நின்றுவிடாது.

இரண்டாவதாக, நியமிக்கப்படும் வழக்கறிஞருக்கு நாம் பணம் தர வேண்டியதில்லை. அவர் கேட்கவும் கூடாது. கேட்டால், அல்லது வழக்கில் அக்கறை காட்டாவிட்டால், எழுத்து மூலம் முறையிட்டு வேறொருவரை நியமிக்கக் கோரலாம்.

மூன்றாவதாக, உண்மையை மறைக்கலாகாது. பொய்த் தகவல் தந்து பெற்ற உதவி திரும்பப் பெறப்படும்.

இறுதியாக, வங்கி சார்ந்த கோரிக்கையாயின் கிளை மேலாளரிடம் ஒரு கடிதம் கேட்டுப் பெறுங்கள். எந்த ஆவணம் இல்லாததால் பணம் வழங்கப்படவில்லை என்பது அதில் எழுத்தில் இருக்கட்டும். அந்த ஒரு தாளே விண்ணப்பத்துக்குத் தக்க சான்றாக அமையும். கணக்கில் நியமனதாரர் பெயரைப் பதிவு செய்திருக்கிறீர்களா என்பதையும் அன்றே பார்த்துக்கொள்ளுங்கள். நியமனதாரர் பணத்தைப் பெற்று உரிய வாரிசுகளுக்குச் சேர்ப்பவரேயன்றி அதன் உரிமையாளர் ஆகிவிடமாட்டார். எனினும் அந்தப் பதிவு குடும்பத்தின் அலைச்சலைப் பெரிதும் குறைக்கும்.

நாம் எடுத்துக்காட்டிய அம்மையார் வங்கியிலிருந்து வீட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டியதில்லை. அந்தக் கடிதத்துடன் அதே ஊரிலுள்ள நீதிமன்ற வளாகத்துக்குச் சென்றிருந்தால், வழக்குச் செலவு குறித்த அச்சம் அன்றே நீங்கியிருக்கும்.