முப்பது நாளுக்குள் ஒரு கண் பரிசோதனை

1996 ஆகஸ்ட் 30 அன்று சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. தாய்க்கு அப்போது 29ஆவது வாரம். குழந்தையின் எடை 1,250 கிராம். இன்குபேட்டர் பெட்டியில் வைத்து, ஆக்சிஜன் கொடுத்துக் காப்பாற்றினார்கள். செப்டம்பர் 23 அன்று வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆனால் இவ்வளவு சீக்கிரம் பிறந்த குழந்தையின் விழித்திரையைக் கண் மருத்துவர் பார்த்தாக வேண்டும் என்று பெற்றோரிடம் யாரும் சொல்லவில்லை. நாலரை மாதத்தில் வேறொரு மருத்துவருக்குச் சந்தேகம் வந்தபோது காலம் கடந்துவிட்டது. குழந்தைக்குப் பார்வை போய்விட்டது.

தேசிய நுகர்வோர் ஆணையம் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. பெற்றோர் விடவில்லை. 2015 ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்றம், ஏற்கெனவே ஆன மருத்துவச் செலவையும் சேர்த்து ஏறத்தாழ 1.8 கோடி ரூபாய் தர உத்தரவிட்டது. பரிசோதிக்காததும், ஆபத்தைச் சொல்லாததும் கவனக்குறைவுதான் என்று தீர்ப்பு உறுதி செய்தது.

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குடும்பங்கள் இந்த வழக்கை அறிந்திருக்க வேண்டும். அந்தக் குழந்தைக்கு வந்த விழித்திரை நோய் குறைமாதத்தில் பிறக்கும் எந்தக் குழந்தைக்கும் வரலாம். ஏரிக்கரையிலோ தூரமும் ஓர் எதிரி. பொன்னேரி சுமார் 20 கிலோமீட்டர். எழும்பூர் 60 கிலோமீட்டர் அளவில். ஏரிக்கு நடுவே இருக்கும் சில ஊர்களுக்கு நெடுங்காலம் படகு தவிர வேறு வழியே இருந்ததில்லை. உயிர் பிழைத்து வீடு வந்த குழந்தையை மறுபடி சென்னைக்குத் தூக்கிப் போவதென்றால் ஒரு நாள் வருமானம் போகும். 'நல்லாத்தானே இருக்கு' என்று தள்ளிப்போடுவது இங்கே எளிது.

37 வாரம் முடியுமுன் பிறந்தால் அது குறைப்பிரசவம். 2.5 கிலோவுக்குக் குறைந்தால் எடைக்குறைவு. 2020இல் உலகில் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன. அவற்றில் சுமார் 30 லட்சம் இந்தியாவில். எந்த நாட்டிலும் இவ்வளவு இல்லை. ஏழாம் மாதம் பிறந்தால் பிழைக்கும், எட்டாம் மாதம் பிறந்தால் பிழைக்காது என்று ஊரில் சொல்வதுண்டு. அது தவறு. வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்குப் பலம்தான்.

ரத்தசோகை, சிறுநீர்த் தொற்று, உயர் ரத்த அழுத்தம், இரட்டைக் கரு, அடுத்தடுத்த பிரசவம், இளவயதுக் கர்ப்பம் எனக் குறைப்பிரசவத்துக்குக் காரணங்கள் பல. உழைப்பும் உடலை வதைக்கிறது. ஏரியில் இருளர் பெண்கள் வலையில்லாமல் இறால் பிடிப்பார்கள். தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, சேற்றைக் கைகளால் துழாவுவார்கள். இரண்டு கையும் வேலையில் இருப்பதால், பிடித்ததைப் போடும் ஓலைப்பறியைப் பல்லால் கவ்விக்கொள்வார்கள். கர்ப்பத்தின் பின்மாதங்களில் இந்த வேலை ஆகாது. ஆனால் 'ஓய்வெடு' என்று சொல்லிவிட்டுப் போவதால் மட்டும் அடுப்பு எரியாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி அதற்காகத்தான் இருக்கிறது. ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக மொத்தம் 18,000 ரூபாய் மதிப்பு. 12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் கர்ப்பத்தைப் பதிவு செய்வது இதற்கு முதல் படி.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வங்கதேசக் கடலோரத்தில் டாகோப் பகுதியில் நடந்து 2011இல் வெளியான ஆய்வொன்று, குடிநீரில் உப்பு ஏறும் வறண்ட மாதங்களில் கர்ப்பிணிகளிடையே உயர் ரத்த அழுத்தமும் கூடுவதைக் கண்டது. ஏரியைச் சுற்றிலும் நிலத்தடி நீர் உவர்ப்பு. இங்கே ஒவ்வொரு முறை போகும்போதும் பி.பி. பார்க்கச் சொல்லிக் கேட்பது கர்ப்பிணியின் உரிமை. தலைவலி, முகவீக்கம், கண் மங்கல் வந்தால் அடுத்த செக்கப் வரை காத்திருக்கக் கூடாது.

பனிக்குடம் உடைந்தாலோ, மாதம் நிறையுமுன் இடுப்புவலி விட்டுவிட்டு வந்தாலோ உடனே 108. குழந்தை பிறந்தபின் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட, வயிற்றில் இருக்கும்போதே தாயைப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோவது மேல். 34 வாரத்துக்குள் பிரசவம் ஆகிவிடும் என்று தெரிந்தால், குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்கான ஸ்டீராய்டு ஊசியைத் தாய்க்குப் போடுவார்கள். விலை மலிவான டெக்ஸாமெத்தசோன்தான் அது. பெரிய மருத்துவமனைக்கு அனுப்புமுன் முதல் ஊசியைச் செவிலியரே போடலாம் என்று 2014இலேயே மத்திய அரசின் வழிகாட்டுதல் வந்துவிட்டது.

பிறந்த பிறகு விலையில்லாத ஒரு வைத்தியம் இருக்கிறது. 1970களின் கடைசியில் கொலம்பியாவின் பொகோட்டாவில் பெட்டிகள் போதாமல் தவித்த மருத்துவர்கள், குழந்தையைத் தாயின் வெற்று மார்போடு அணைத்துக் கட்டச் சொன்னார்கள். அதுதான் கங்காரு பராமரிப்பு. டெல்லி சப்தர்ஜங் உட்பட ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், பிறந்த உடனே இதைத் தொடங்கியபோது 28 நாளுக்குள் நேரும் மரணம் 25 சதவீதம் குறைந்தது. அப்பாவும் பாட்டியும் கூட அணைத்துக்கொள்ளலாம். தாயைக் குழந்தையிடம் விடாமல் வெளியே உட்கார வைத்தால், காரணம் கேட்கலாம்.

இனி கண்ணுக்கு வருவோம். 34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது 2 கிலோவுக்கு மேற்படாத குழந்தைக்குப் பிறந்த 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை நடக்க வேண்டும். 28 வாரத்துக்கும் முன்போ, 1,200 கிராமுக்கும் குறைவாகவோ பிறந்திருந்தால் இரண்டு, மூன்று வாரத்திலேயே. வெளியே பார்க்கக் கண் பளிச்சென்றுதான் இருக்கும். உள்ளே ரத்தக்குழாய்கள் தாறுமாறாக வளர்ந்துகொண்டிருக்கும். சரியான நாளில் கண்டுபிடித்தால் லேசர் சிகிச்சையால் பெரும்பாலும் பார்வையைக் காப்பாற்றிவிடலாம். ஒருமுறை பார்த்தால் போதாது. மருத்துவர் போதும் என்று சொல்லும்வரை போக வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டு கையில் வரும்போதே "கண்ணு எப்பப் பாக்கணும், காது எப்பப் பாக்கணும்?" என்று கேட்டு, தேதியை அதில் எழுதி வாங்க வேண்டும்.

வளர்ச்சியை அளப்பதில் பல வீடுகளில் வீண் பயமும், சில வீடுகளில் வீண் தைரியமும் இருக்கின்றன. இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்த குழந்தைக்கு எட்டு மாதம் ஆகும்போது, அதை ஆறு மாதக் குழந்தையாகவே எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டு வயதுவரை இந்தக் கணக்கு. தடுப்பூசிக்கு மட்டும் பிறந்த தேதிதான் கணக்கு. இப்படிக் கழித்துப் பார்த்தும் தலை நிற்கவில்லை, கைகால் விறைப்பாக இருக்கிறது, கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால், 'போகப்போகச் சரியாகும்' என்று விடக் கூடாது. பெரும்பாலான குறைமாதக் குழந்தைகள் நன்றாகவே வளர்கின்றன. உதவி தேவைப்படுபவற்றுக்கு முதல் இரண்டு வருடம் பொன்னானது. மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்தில் பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, செவித்திறன் சோதனை எல்லாம் இலவசம். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத்திட்டத்தில் 18 வயதுவரை இந்தச் சேவை உண்டு.

பணத்துக்கு அஞ்சத் தேவையில்லை. 2011இல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி அரசு மருத்துவமனையில் பிரசவம், சிசேரியன், மருந்து, ரத்தம், உணவு, ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்கு வண்டி, வீடு திரும்ப வண்டி எல்லாம் இலவசம். நோயுற்ற பச்சிளங்குழந்தைக்கும் அப்படியே. யாராவது காசு கேட்டால் 104க்குப் புகார் சொல்லலாம்.

தவறு நடந்ததாகத் தோன்றினால் முதலில் எழுத்துமூலம் கேட்க வேண்டியது மருத்துவக் குறிப்புகளின் நகலை. கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் விதி. நுகர்வோர் ஆணையத்தை நாட இரண்டு ஆண்டு அவகாசம். வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி எல்லாப் பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. அழைக்க வேண்டிய எண் 15100.