பொன்னால் மாறும் உலோகம்

பனிக்கட்டியை நீராக்குவது உஷ்ணம். ஆனால் உஷ்ணமே அற்றுப்போகும் பூஜ்ய கெல்வின் எல்லையிலும், குவாண்டம் அலைவுகளின் பலத்தாலேயே ஒரு பொருள் தன் நிலையை மாற்றிக்கொள்ளக்கூடும் என்பதற்கு, ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில் இயற்பியலாளர் லோனைசன் குழுவினர் 1994-இல் வெளியிட்ட ஆராய்ச்சி சிறந்த சான்றாகும்.

அவர்கள் ஆராய்ந்த, சீரியம் அணு ஒன்றுக்குத் தாமிர அணுக்கள் ஆறு வீதம் அமைந்த உலோகத்தில், சீரியத்தின் காந்த சுபாவத்தை மற்ற எலெக்ட்ரான்கள் சூழ்ந்து அடக்கிவிடுகின்றன. அறுபது தாமிர அணுக்களில் ஒன்றுக்குப் பதிலாகத் தங்க அணு புகுந்தாலோ, படிகம் சற்றே விரிய, அந்த அடக்கம் தளர்ந்து, உலோகம் காந்த ஒழுங்கின் வாசலில் வந்து நிற்கிறது. அங்கே மின்தடையின் ஏற்றம், வழக்கம்போல வெப்பநிலையின் வர்க்கத்தைப் பின்பற்றாமல், வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் செல்கிறது.

தங்கத்தை மேலும் கூட்டினால் காந்த ஒழுங்கு நிலைபெறும். அழுத்தினால் மீண்டும் மறையும். எலெக்ட்ரான்களைத் தனித்தனியே எண்ணிப் பார்க்கும் பழைய சித்தாந்தம் இங்கே போதாது.