நாலாவது குரல் வருமா? 5 வாட் ரேடியோவோடு மலை உச்சியில் காத்திருப்பவர்கள்!

மலை ஏறுபவர்களுக்கு உச்சியைத் தொட்டால் வேலை முடிந்தது. ஒரு செல்ஃபி, ஒரு வாய் தண்ணீர், அப்புறம் இறங்க வேண்டியதுதான். ஆனால், உச்சிக்குப் போன பிறகுதான் வேலையே ஆரம்பம் என்கிற ஒரு கூட்டம் இருக்கிறது. இவர்கள் முதுகுப்பையில் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி ரேடியோ, ஒரு பேட்டரி, சுருட்டிய ஒயர், தூண்டில் கம்பு மாதிரி ஒன்றுக்குள் ஒன்று மடங்கும் கம்பம் எல்லாம் இருக்கும். உச்சியில் ஒயரை விரித்துக் கட்டி, மைக்கைப் பிடித்து, "யாராவது கேட்கிறீர்களா?" என்று உலகத்தைக் கூப்பிடுவார்கள்.

நான்கு பேராவது பதில் சொல்ல வேண்டும். மூன்று பேரோடு நின்றுவிட்டால், எத்தனை மணி நேரம் ஏறியிருந்தாலும் பாயின்ட் பூஜ்யம்!

இந்த விளையாட்டின் பெயர் 'சம்மிட்ஸ் ஆன் தி ஏர்'. சுருக்கமாக 'சோட்டா'. (இந்தி 'சோட்டா' இல்லை. ஆனால், ரேடியோவின் சைஸைப் பார்த்தால் அதுவும் பொருத்தம்தான்!) பிரிட்டனில் ஜான் லின்ஃபோர்டு என்ற ஹாம் ரேடியோ ஆர்வலரின் யோசனையில், 2002 மார்ச் 2-ம் தேதி தொடங்கியது. இன்று பல நாடுகளில் நடக்கிறது.

ஹாம் ரேடியோ என்றால்? அரசாங்கத் தேர்வு எழுதி லைசென்ஸ் வாங்கி, சொந்த ரேடியோ கருவி மூலம் மற்ற லைசென்ஸ்தாரர்களோடு பேசுகிற பொழுதுபோக்கு. வியாபாரம் பேசக் கூடாது, காசு வாங்கக் கூடாது. ஒவ்வொருவருக்கும் வண்டி நம்பர் போல 'கால் சைன்' உண்டு. டவர், சிம், ரீசார்ஜ் எதுவும் கிடையாது. இவர் ஆன்டெனாவிலிருந்து அவர் ஆன்டெனாவுக்கு நேராக வானம் வழியாகப் போகும்.

இங்கிலாந்தின் மிக உயரமான மலை, லேக் டிஸ்ட்ரிக்ட்டில் இருக்கும் ஸ்காஃபெல் பைக். உயரம் 978 மீட்டர். நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர் என்பதால், 'இவ்வளவுதானா?' என்று தோன்றலாம். ஆனால், தொட்டபெட்டாவில் உச்சிவரை வண்டி போகும். இங்கே வாஸ்டேல் பள்ளத்தாக்கிலிருந்து கிட்டத்தட்ட மொத்த உயரத்தையும் காலால்தான் ஏற வேண்டும். போய்த் திரும்ப ஐந்தாறு மணி நேரம். உச்சியில் புல்கூடக் கிடையாது, உடைந்த பாறைகள்தான். கம்பத்தை மண்ணில் ஊன்ற முடியாது. கற்களுக்கு நடுவே செருகி, கயிறு கட்டி நிறுத்த வேண்டும். முதல் உலகப் போரில் இறந்த அந்த வட்டார வீரர்களின் நினைவாக 1919-ல் நேஷனல் டிரஸ்ட்டுக்குக் கொடுக்கப்பட்ட உச்சி இது. நல்ல நாளில் கூட்டமும் இருக்கும். அதனால், விவரம் தெரிந்தவர்கள் நடுவில் ஒயர் கட்டாமல் கொஞ்சம் ஒதுங்கி உட்கார்ந்துகொள்வார்கள். உச்சியிலிருந்து செங்குத்தாக 25 மீட்டர் உயரம் இறங்கும்வரை எங்கே உட்கார்ந்தாலும் சோட்டா கணக்கில் அது உச்சிதான்.

அந்த எல்லைக்குள் மோட்டார் வாகனத்தில் நுழையக் கூடாது. கருவிகளை ஏறுபவர்களே சுமக்க வேண்டும். பெட்ரோல், டீசல் ஜெனரேட்டர் கூடாது. பேட்டரியோ, சோலாரோதான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. வேல்ஸில் 1,085 மீட்டர் உயர ஸ்னோடன் மலைக்கு ரயிலே போகிறது. 1896-ல் போட்ட பாதை. ரயிலில் போனவர் பாயின்ட் வேண்டுமென்றால், எல்லைக்கு வெளியே இறங்கிப் போய், திரும்பவும் நடந்து ஏற வேண்டும்!

எந்த மலை பட்டியலில் வரும் என்பதிலும் சுவாரஸ்யம் இருக்கிறது. உயரம் மட்டும் பத்தாது. சுற்றியிருக்கும் தரையைவிட்டு, குறைந்தது 150 மீட்டர் தனித்து எழும்பியிருக்க வேண்டும் என்பதுதான் பிரிட்டன் கணக்கு. அதனால்தான் ஸ்காஃபெல் பைக்குக்குப் பக்கத்திலேயே 964 மீட்டரில் கம்பீரமாக நிற்கும் ஸ்காஃபெல் மலைக்கு இடமில்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பள்ளம் அவ்வளவு ஆழமில்லை. இப்படித் தனித்து நிற்கும் மலைகளுக்கு பிரிட்டனில் 'மர்லின்' என்று பெயர். ஸ்காட்லாந்தில் 3,000 அடிக்கு மேற்பட்ட மலைகளை, பட்டியல் போட்டவரின் பெயரால் 'மன்றோ' என்று ஏற்கெனவே அழைத்துக்கொண்டிருந்தார்கள். 1992-ல் புதுப் பட்டியல் போட்ட ஆலன் டாசன், அதற்கு ஜோடியாக 'மர்லின்' என்று வைத்துவிட்டார். நடிகையின் பெயரில் மலைகள்!

சரி, உச்சியில் ரேடியோவுக்கு வருவோம்.

எல்.இ.டி பல்பைவிடக் கம்மி!

இவர்கள் விரும்பும் குட்டி ரேடியோக்கள் பலவற்றின் சக்தி 5 வாட்தான். நம் வீட்டு ஹாலில் எரியும் எல்.இ.டி பல்ப் 9 வாட். அதில் பாதியை வைத்துக்கொண்டு நாடு விட்டு நாடு பேசுகிறார்கள் என்றால், பாதி வேலையை மலை செய்கிறது, மீதியை வானம் செய்கிறது.

கையடக்க வாக்கி டாக்கி மாதிரியான வி.ஹெச்.எஃப் ரேடியோவுக்கு, கண் பார்க்கும் தூரம்தான் ஏறக்குறைய எல்லை. கடற்கரையில் நின்றால் அடிவானம் 5 கிலோமீட்டரில் முடிந்துவிடும். 978 மீட்டர் உயரத்தில் அது சுமார் 110 கிலோமீட்டர். ஊருக்குள் நாலு தெரு தாண்டாத அதே ரேடியோ, மேலே போனதும் மூன்று மாவட்டத்துக்குக் கேட்கிறது.

சிற்றலை வேறு கதை. தரையிலிருந்து கிளம்பும் அலை, பல நூறு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் அயனி மண்டலத்தில் வளைந்து மீண்டும் பூமிக்கு வருகிறது. 14 மெகாஹெர்ட்ஸில் பேசினால் அடிவாரத்து ஊருக்குக் கேட்காமல் போகலாம். ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்குத் தெளிவாகக் கேட்கும். இதற்கான ஆன்டெனா வெறும் 10 மீட்டர் ஒயர். அந்த அலையின் நீளம் சுமார் 20 மீட்டர், அதில் பாதி. நடுவைக் கம்பத்தின் நுனியில் மாட்டி, இரண்டு பக்கமும் கூடாரம் போலச் சரித்துக் கட்டினால் முடிந்தது.

பிரச்னை என்னவென்றால், வானம் எப்போதும் ஒத்துழைக்காது. சூரியனில் ஒரு வெடிப்பு நிகழ்ந்தால், பகலில் இருக்கும் பாதி பூமிக்குச் சிற்றலை சில நிமிடங்களோ, ஒரு மணி நேரமோ செத்துப்போகும். காலையில் கிளம்பும்போது நன்றாக இருந்த அலைவரிசை, உச்சியில் ஒயர் கட்டி முடிக்கும்போது மௌனமாக இருக்கலாம். காற்று கம்பத்தை வளைக்கிறது. கையுறையைக் கழற்றினால்தான் எழுத முடியும். கழற்றினால் விரல் விறைக்கிறது. நோட்டில் மூன்று பெயர் விழுந்துவிட்டது. மேகம் இறங்குகிறது. நாலாவது ஆளுக்காக இன்னும் பத்து நிமிடம் காத்திருப்பதா, இறங்கிவிடுவதா? இடி மேகம் என்றால் யோசிக்கவே கூடாது. உச்சியில் கம்பம் நட்டு ஒயர் கட்டி உட்கார்ந்திருப்பவரைவிட மின்னலுக்கு வசதியான இலக்கு வேறென்ன இருக்கிறது? பாயின்ட் போனால் போகிறது என்று இறங்கிவிட வேண்டியதுதான்.

வீட்டில் இருப்பவர்தான் ஹீரோ!

அந்த நாலாவது ஆள் யார்? என்னைக் கேட்டால், இந்த விளையாட்டில் மலையைவிட முக்கியமானவர் அவர்தான்.

இவர்களுக்கு 'சேஸர்' என்று பெயர். துரத்திப் பிடிப்பவர்கள். வீட்டில் ரேடியோ முன்னால் உட்கார்ந்து, எந்த மலையிலிருந்து யார் கூப்பிடுகிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பவர்கள். மலையேறுபவருக்கு எத்தனை பாயின்ட்டோ, அதே பாயின்ட் இவருக்கும் உண்டு. முட்டி தேய்ந்தவர், சக்கர நாற்காலியில் இருப்பவர், ஒருகாலத்தில் ஏறி இப்போது முடியாதவர் என யாரும் ஆடலாம். இவர்கள் 'சும்மா கேட்பவர்கள்' இல்லை. இவர்கள் பதில் சொல்லாவிட்டால், ஏறியவரின் கணக்கில் ஒன்றும் ஏறாது.

பேச்சு என்னவோ ரொம்பச் சின்னது. கால் சைன், சிக்னல் எப்படிக் கேட்கிறது என்பதற்கு ஒரு எண், மலையின் குறியீடு. ஸ்காஃபெல் பைக்கின் குறியீடு ஜி/எல்டி-001. 'ஐம்பத்தொன்பது' என்று சொன்னால், குரலும் தெளிவு, சிக்னலும் பலம் என்று அர்த்தம். விடைபெறும்போது 'எழுபத்து மூன்று'. தந்தி காலத்திலிருந்து வரும் வணக்கம் அது. ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். எதிர்முனையில் இருப்பவரும் இன்னொரு மலை உச்சியில் உட்கார்ந்திருந்தால் அது 'சம்மிட் டு சம்மிட்'. அதற்குத் தனி மவுசு.

'இந்த மலையில், இந்த அலைவரிசையில் இருக்கிறேன்' என்று 'சோட்டாவாட்ச்' இணையப் பக்கத்தில் போட்டுவிட்டால் சேஸர்கள் மொய்த்துவிடுவார்கள். மலையில் மொபைல் சிக்னல் இல்லாவிட்டால்? அங்கேதான் பழைய மோர்ஸ் கைகொடுக்கிறது. உலகெங்கும் இருக்கும் தானியங்கி ரிசீவர்கள், காற்றில் வரும் மோர்ஸ் அழைப்பைப் படித்து, கால் சைனையும் அலைவரிசையையும் இணையத்தில் ஏற்றிவிடும். போகப்போகிற மலையை முன்கூட்டியே பதிவு செய்திருந்தால், அதைப் பொருத்திப் பார்த்து சோட்டாவாட்ச்சிலும் தானாக வந்துவிடும். கையில் இன்டர்நெட் இல்லாமல் இன்டர்நெட்டில் வருவது!

பாயின்ட் கணக்கு எளிது. உயரத்தைப் பொறுத்து மலைக்கு 1 முதல் 10 வரை. ஒரே மலையில் எத்தனை முறை ஏறினாலும் ஒரு காலண்டர் வருடத்துக்கு ஒருமுறைதான் பாயின்ட். ஏறி 1,000 சேர்த்தால் 'மவுன்டன் கோட்'. அதாவது மலை ஆடு. வீட்டிலிருந்தே துரத்தி 1,000 சேர்த்தால் 'ஷாக் ஸ்லாத்'. மரத்தில் தலைகீழாகத் தொங்கியபடி தூங்குமே, அந்தச் சோம்பேறி விலங்குதான் ஸ்லாத். பட்டத்தைப் பெருமையாக மாட்டிக்கொள்கிறார்கள். பரிசுப் பணம் எதுவும் கிடையாது. நோட்டில் எழுதியதை அவரவரே இணையத்தில் பதிவு செய்கிறார்கள். நம்பிக்கைதான்.

'செல்போன் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?' என்று கேட்பவர்களுக்கு நம் நாட்டிலேயே ஒரு பதில் உண்டு. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாம், குழுவோடு அந்தமான் போயிருந்தார். போனது என்னவோ நம் மலையேறிகளைப் போல, அரிதான இடத்திலிருந்து உலகத்தோடு பேசிப் பார்க்கத்தான். 26-ம் தேதி சுனாமி வந்தது. தீவுகளின் தொலைபேசித் தொடர்பு அறுந்தது. போர்ட் பிளேரில் இருந்த அவருடைய ரேடியோ, உறவினர்களைத் தேடியவர்களின் தகவல்களை இந்தியாவுக்கும் தீவுக்கும் நடுவே கடத்தத் தொடங்கியது. பேட்டரி, ஒயர், கிடைத்த இடத்தில் ஆன்டெனா, மங்கலான சிக்னலில் பெயரைத் தப்பில்லாமல் எழுதிக்கொள்ளும் காது... ஞாயிற்றுக்கிழமை மலையேறிகள் பழகுவதும் இதையேதான்.

நீங்களும் கேட்கலாம்

பேச வேண்டுமென்றால் இந்தியாவில் லைசென்ஸ் கட்டாயம். மத்திய அரசின் டபிள்யூ.பி.சி பிரிவு நடத்தும் தேர்வை 12 வயது ஆனவர்கள் எழுதலாம். 'ரெஸ்ட்ரிக்டட்' பிரிவுக்கு மோர்ஸ் தெரிய வேண்டியதில்லை. அடிப்படை எலெக்ட்ரானிக்ஸும் விதிமுறைகளும்தான். லைசென்ஸ் இல்லாமல் ஆன்லைனில் ரேடியோ ஆர்டர் போட்டு மாட்டிக்கொள்ள வேண்டாம். நம் மலைகளில் பெரும்பாலானவை வனத்துறை வசம் இருப்பதால், ரேடியோவோடு ஏற நினைப்பவர்கள் அந்த அனுமதியையும் முதலில் வாங்க வேண்டும்.

கேட்பதற்கு இது எதுவும் தேவையில்லை, மொபைல் பிரவுசர் போதும். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் இருக்கும் 'வெப் எஸ்.டி.ஆர்' ரிசீவரை இலவசமாகத் திருப்பிக் கேட்கலாம். சனி, ஞாயிறுகளில் நம் நேரப்படி மதியம் 3 மணியிலிருந்து இரவு 8 மணிக்குள் முயன்று பாருங்கள். அப்போதுதான் ஐரோப்பாவில் மலையேறிகள் உச்சியில் இருப்பார்கள். 7.032 மெகாஹெர்ட்ஸ் பக்கம் மோர்ஸ், 7.1-லிருந்து 7.2-க்குள் 'எல்.எஸ்.பி' பட்டனை அழுத்தினால் குரல். இரைச்சலுக்கு நடுவே 'சி.க்யூ சோட்டா, சி.க்யூ சோட்டா' என்று யாராவது கூப்பிட்டுக்கொண்டிருந்தால், கொஞ்ச நேரம் அங்கேயே நில்லுங்கள். எத்தனை பேர் பதில் சொல்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.